சாம்பல் வீட்டுப் பெண், கறுப்பு வீட்டு மாப்பிள்ளை

எனக்கும் என் அப்பாவுக்கும் நடுவில் ஓர் ஒப்பந்தம் இருந்தது. எலிகள் இருக்கிறவரை வீட்டில் கல்யாணப் பேச்சு எடுக்கக் கூடாது. எலிகள் போய்விட்டால் அடுத்து வரும் ஆவணியில் நான் கழுத்தை நீட்ட வேண்டும், முனகக்கூடக் கூடாது. சாக்கோட்டையில் எங்கள் தெருவில் எம்.எஸ்சி. விலங்கியல் படித்த பெண் அப்போது நான் ஒருத்திதான். அதனால் அப்பாவுக்கு என்மேல் பெருமையும் பயமும் சரிபாதியாக இருந்தன. பெருமை தூக்கலாக இருந்த ஒரு நாளில் இதற்குச் சம்மதித்துவிட்டார்.

மாப்பிள்ளை தயாராகவே இருந்தார். அமராவதிபுதூர்க்காரர், அப்பாவின் ஒன்றுவிட்ட தங்கை மகன், எனக்கு முறை மாப்பிள்ளை. ரைஸ்மில் வைத்திருந்தார். அவரைக் கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அவர் என்னிடம் பேசியது நெல்லைப் பற்றி மட்டும்தான். ஒரு தீபாவளிக்கு வந்தவர், இந்தப் போகம் குருணை ஜாஸ்தி விழுகிறது என்று சொல்லிவிட்டு, அதற்கு நான் என்ன சொல்லப் போகிறேன் என்று வெகுநேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எலிகளே தேவலை என்று நான் முடிவு செய்தது அன்றைக்குத்தான்.

எலி என்றால் ஆராய்ச்சி எலி. காரைக்குடிக்கு வெளியே ஒரு கல்லூரியில் எனக்கு ஆராய்ச்சி உதவியாளர் வேலை. எமர்ஜென்சிக் காலம் அது. வேலை இரண்டு வருடத்துக்குத்தான். முடிவில் மூன்று பேர் கொண்ட குழு ஒன்று வந்து பார்க்கும். தொடரலாம் என்று அவர்கள் சொன்னால் இன்னும் மூன்று வருடம், போதும் என்று சொன்னால் ஆவணி. கல்லூரிக்குள் இடம் போதாமல், பக்கத்தில் பூட்டிக் கிடந்த ஒரு செட்டியார் வீட்டின் பின்கட்டுக் கொட்டகையை எலிகளுக்காக வாங்கிக் கொடுத்திருந்தார்கள். அந்தக் கொட்டகைச் சுவரின் வெளிப்பக்கம் குடும்பக் கட்டுப்பாட்டுக்காரர்கள் சிவப்பு முக்கோணம் ஒன்றை வரைந்துவிட்டுப் போயிருந்தார்கள். உள்ளே இருந்தவர்கள் அதைச் சட்டை செய்யவில்லை.

ஐதராபாத்திலிருந்து ரயிலில் இரண்டு குலங்கள் வந்து இறங்கின. ஒன்று சாம்பல் நிறம், இன்னொன்று கறுப்பு. இரண்டும் சுண்டெலிதான். இரண்டும் ஒரே தீனியைத் தின்றன, ஒரே மாதிரி நாறின. வித்தியாசம் மணி அடித்தால்தான் தெரியும். மூன்று வாரக் குட்டியாக இருக்கும் சாம்பலை ஒரு பாத்திரத்தில் விட்டு மின்சார மணியை அடித்தால், அது பேய் பிடித்த மாதிரி சுற்றிச் சுற்றி ஓடும். பிறகு பக்கவாட்டில் சாய்ந்து கைகாலை வெட்டி வெட்டி இழுக்கும். அப்பட்டமான வலிப்பு. அதே வயதுக் கறுப்பு அதே மணிக்கு மீசையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

ஏன் இப்படி என்பதுதான் எங்கள் கேள்வி. என் பேராசிரியர், மூளையில் இருக்கும் ரிசப்டர்களில்தான் விஷயம் இருக்கிறது என்று நம்பினார். அதாவது, மூளையின் துடிப்பை அடக்கி வைக்க உடம்பே ஒரு ரசாயனத்தைச் சுரக்கிறது. அது வந்து உட்கார மூளைச் செல்களின் மேல் தனியாக இடங்கள் உண்டு. பந்தியில் இலை போடுவது போல என்று நான் வீட்டில் விளக்கினேன். இலை போதுமான அளவு இருந்தால் வந்தவர்கள் அமைதியாக உட்காருவார்கள். இலை குறைந்தால் ரகளைதான். சாம்பல் குலத்துக்குப் பிறவியிலேயே இலை குறைவு என்று காட்டிவிட்டால் போதும், வலிப்பு நோய்க்கே ஒரு வழி பிறக்கும் என்றார் பேராசிரியர். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பந்தி என்றதும் நினைவு வந்தது, உன் கல்யாணத்துக்கு எத்தனை இலை போட வேண்டியிருக்கும் என்று ஆரம்பித்துவிட்டாள். ஒப்பந்தத்தை நினைவுபடுத்தி வாயை அடைத்தேன்.

எலிகளைப் பராமரிக்க மானகிரியிலிருந்து ஓர் அக்கா வந்தார். நாற்பது வயதிருக்கும். விவசாயம் பார்க்கிற சம்சாரி வீட்டுப் பெண், புருஷன் இல்லை. அதற்கு முன் பத்து வருடம் ஒரு செட்டியார் வீட்டில் ஆச்சிக்கு எடுபிடி வேலை பார்த்திருந்தார். எந்தக் குடும்பம் எந்தக் கோயிலைச் சேர்ந்தது, எந்தக் கோயிலுக்கும் எந்தக் கோயிலுக்கும் கொண்டான் கொடுத்தான் உண்டு, ஒரே கோயில்காரர்கள் பங்காளிகள், அவர்களுக்குள் ஏன் சம்பந்தம் செய்யக் கூடாது, எல்லாம் அவருக்கு அத்துப்படி. எழுதப் படிக்கத் தெரியாது. ஒருவரைப் பார்த்த மாத்திரத்தில் நீங்கள் இன்னாருக்கு இன்ன முறை என்று மூன்று தலைமுறைக்குச் சொல்லிவிடுவார். எலிகளுக்கு இதெல்லாம் எதற்கு என்று நான் அப்போது நினைத்தேன்.

மணி அடிக்க எங்களிடம் சரியான பாத்திரம் இல்லை. அந்த அக்காவே பழைய எஜமானி ஆச்சியிடம் கேட்டு ஒரு கல்யாண அண்டாவை வாங்கி வந்தார். அதன் உள்விளிம்பில் மணியைப் பொருத்தினோம். அண்டாவுக்குள் மணி அடித்தால் மானகிரி வரை கேட்கும். முதல் சாம்பல் விழுந்து இழுத்தபோது அந்த அக்கா பதறி ஓடிப்போய், கொட்டகையின் இரும்புச் சாவிக்கொத்தை எடுத்து வந்து அதன் முன்னங்காலில் திணிக்கப் பார்த்தார். வலிப்பு வந்தவர் கையில் இரும்பைக் கொடுத்தால் நின்றுவிடும் என்பது ஊர் வழக்கம்தானே. எலி தானாக நின்றது. ஆனால் சாவிக்கொத்து குலுங்கிய சத்தத்தில், மணிக்குத் தப்பியிருந்த பக்கத்துக் கூண்டில் இரண்டு சாம்பல்கள் விழுந்தன. அவற்றைக் காப்பாற்ற அந்த அக்கா சாவியோடு அங்கே ஓட, இன்னொன்று விழுந்தது. நான் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் சாவிக்கொத்தைப் பிடுங்கித் துணியில் சுற்றி வைத்தேன்.

இனி என் தப்பைச் சொல்ல வேண்டும். இந்த மாதிரி குலங்களை அப்படியே வைத்திருக்க ஒரே வழிதான் உண்டு. ஒரு வயிற்றில் பிறந்த அண்ணனையும் தங்கையையுமே ஜோடி சேர்க்க வேண்டும். அடுத்த தலைமுறையிலும் அதே, அதற்கடுத்ததிலும் அதே. அப்படி இருபது தலைமுறைக்கு மேல் செய்துதான் இந்த எலிகளே வந்திருந்தன. பேராசிரியர் இதை என்னிடம் ஆங்கிலத்தில் கூச்சமில்லாமல் சொல்லிவிட்டார். நான் அதை மானகிரி அக்காவிடம் தமிழில் சொல்ல வேண்டும். நானோ கல்யாணமாகாத பெண். எதிரே நிற்பவரோ ஒரே கோயில் என்றாலே காதைப் பொத்திக்கொள்கிறவர். ஒரே கூண்டில் பிறந்ததை ஒரே கூண்டில் விட்டுவிடுங்கள் என்று சுவரைப் பார்த்துச் சொன்னேன்.

“ஒரு வயித்துப் பிள்ளைகளாச்சே தாயி” என்றார்.

“எலிக்கு ஏதுக்கா அண்ணன் தங்கச்சி” என்று சொல்லிவிட்டு, டீ குடிக்கப் போவது போல நழுவிவிட்டேன். அவர் சரி என்று சொல்லவில்லை என்பதை நான் கவனிக்கவே இல்லை.

குட்டி போடும் கூண்டுகள் பின்வரிசையில் இருந்தன. அந்த வரிசை முழுக்க அவருடைய ராஜ்யம். பெற்ற எலியைத் தொந்தரவு செய்தால் குட்டியைத் தின்றுவிடும் என்பது உண்மை, புத்தகத்திலேயே இருக்கிறது. அதை நான்தான் அவருக்குச் சொன்னேன். அன்றிலிருந்து அவர் பின்வரிசைக்கு ஒரு பழைய சேலையைத் திரையாகக் கட்டிவிட்டார். பிள்ளை பெற்ற வீட்டுக்குத் தீட்டு பார்ப்பது போல, மூன்று வாரம் ஆனபிறகுதான் குட்டிகள் வெளியே வரும். கறுப்புக் கூண்டில் கறுப்பு, சாம்பல் கூண்டில் சாம்பல் என்று சுத்தமாகப் பிரித்து என் மேஜையில் வைப்பார். நான் மணி அடித்து, விழுந்தது விழாதது என்று குறித்துக்கொள்வேன். பிறகு சிலவற்றின் மூளையை எடுத்து, ஐஸ் போட்ட பிளாஸ்கில் அடைத்து ரயிலில் சென்னைக்கு அனுப்புவோம். ரிசப்டரை எண்ணும் கருவி அங்கே ஓர் ஆய்வகத்தில்தான் இருந்தது. மூளை எடுக்கும் நாளில் அந்த அக்கா கொட்டகைக்குள் வர மாட்டார். வாசலில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார். எனக்கும் அந்த நாளில் சாப்பாடு இறங்காது.

முதல் வருடம் எல்லாம் பிரமாதமாக நடந்தது. சாம்பல் விழுந்தது, கறுப்பு விழவில்லை. சென்னைக் கணக்கிலும் இரண்டு குலமும் தனித்தனியாக நின்றன. பேராசிரியர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் சிரித்தார். வீட்டில் நான் காலை நீட்டி உட்கார்ந்தேன்.

இரண்டாம் வருடத்தின் பிற்பாதியில் ஒரு கறுப்பு விழுந்தது. மணியின் கோளாறு என்றார் பேராசிரியர். மணியை மாற்றினோம். அடுத்த வாரம் இரண்டு கறுப்புகள் விழுந்தன. வெயில் என்றார். அப்புறம் சென்னையிலிருந்து கடிதம் வந்தது. சாம்பல் மூளைகள் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. கறுப்பு மூளைகளில்தான் குழப்பம், சிலவற்றின் கணக்கு நடுவில் நிற்கிறது, ஒன்றிரண்டு சாம்பலைப் போலவே இருக்கின்றன, பிளாஸ்கில் சீட்டு மாறி ஒட்டப்படுகிறதா என்று கேட்டிருந்தார்கள். சீட்டு ஒட்டியது நான். பேராசிரியர் கடிதத்தை என் மேஜையில் வைத்து, சீட்டைப் பற்றிய வரியில் பென்சிலால் கோடு போட்டுவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. குழு வர இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது. அன்று மாலை பஸ்ஸில் வரும்போது, அமராவதிபுதூர் என்று பலகை மாட்டிய இன்னொரு பஸ் கடந்து போகிறவரை கண்ணை மூடிக்கொண்டேன்.

மறுநாள் மானகிரி அக்கா சொந்தத்தில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தார். கொட்டகையில் நான் மட்டும் இருந்தேன். இரண்டு வருடத்தில் முதல் முறையாகச் சேலைத் திரையை விலக்கிப் பார்த்தேன்.

முதல் கூண்டில் ஒரு கறுப்பு ஆண், அதன் பக்கத்தில் சாம்பல் பெண். அந்தச் சாம்பல் அம்மா அரை டஜன் கறுப்புக் குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டு, வந்த மாமியாரைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தது. பக்கத்துக் கூண்டில் அப்பா, அம்மா இரண்டும் கறுப்பு. குட்டிகளிலோ கறுப்பு இருந்தது, காப்பித்தூள் நிறம் இருந்தது, சிலேட்டு நிறம்கூட ஒன்று இருந்தது. ஒரு முழுச் சம்பந்தமே என் மூக்குக்குக் கீழ் நடந்து முடிந்து, பேரன் பேத்தியும் பிறந்துவிட்டது.

காதுகுத்து விருந்தில் போட்ட வெற்றிலையோடு வந்த அந்த அக்காவிடம் திரையைக் காட்டினேன். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கத்த நினைத்தேன். ஆனால் அழுகைதான் வந்தது.

அவர் அசரவில்லை. “ஒரு வயித்துல பொறந்ததுகளக் கொண்டு சேத்து வைக்க எனக்கு மனசு வரல தாயி. நீங்க படிச்சவுக, ஒங்களுக்கு வரும். நான் ஒவ்வொரு ஈத்தையும் ஒரு கோயிலா வச்சுக்கிட்டேன். ஒரே கோயிலுக்குள்ள குடுக்கல, எடுக்கல. சாம்ப வீட்டுக்குள்ளயே அத்தை மக்க, மாமன் மக்க இருந்தா அங்குட்டே முடிச்சேன். முறை அமையாத பொண்ணுகளத்தான் கறுப்பு வீட்டுல குடுத்தேன்.”

கறுப்பு வீட்டில் பெண் எடுத்து சாம்பல் வீட்டில் ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டேன். ஒரு தடவை கொடுத்துப் பார்த்தாராம். பிறந்த பிள்ளைகள் எல்லாம் கறுப்பு. சாம்பல் கூண்டில் கறுப்புக் குட்டி இருந்தால் நான் கண்டுபிடித்துவிடுவேன் என்று நிறுத்திவிட்டாராம். கறுப்பு மாப்பிள்ளைக்குச் சாம்பல் பெண்ணைக் கொடுத்தால் அந்தக் கவலை இல்லை. பெண் கட்டிக்கொடுத்த இடத்துக்குப் போகும், பிள்ளை அப்பன் வழியைச் சேரும். பிறந்ததும் கறுப்பாக இருந்ததால், முறைப்படி கறுப்புக் கூண்டில் சேர்த்துவிட்டார். வேறு நிறத்தில் பிறந்த பேரப்பிள்ளைகளை மட்டும் திரைக்குள்ளேயே வைத்துக்கொண்டார். இவ்வளவு களவையும் எவ்வளவு நியாயமாகச் செய்திருக்கிறார் என்று நினைத்தபோது, அந்த அழுகையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. எந்தக் குட்டி யாருடையது என்று நினைவிருக்கிறதா என்று கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். தன் சொந்தக்காரர்களை ஒருவர் மறப்பாரா என்பது போல.

மேஜைக்குப் போய், விழுந்த கறுப்புகளின் அடையாளத்தை ஒவ்வொன்றாகச் சொன்னேன். காதில் வெட்டு இத்தனை, வாலில் மைப்புள்ளி இன்ன இடம் என்று. அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றின் அம்மா, அம்மாச்சி, அப்பன், அப்பத்தா வரை சொன்னார். விழுந்தவை எல்லாமே சாம்பல் வீட்டு ரத்தம் உள்ளவை. சுத்தக் கறுப்பு ஒன்றுகூட விழவில்லை. சென்னைக் கடிதத்தில் குழம்பிக் கிடந்த கணக்குகளையும் அவர் சொன்ன முறைப்படி வரிசையாக வைத்துப் பார்த்தேன். குழப்பம் விலகியது. அதைவிடப் பெரிய வேடிக்கை ஒன்றும் அதில் இருந்தது. இலை குறைவாக இருந்தும் மணிக்கு விழாத பேரன் ஒருவன் இருந்தான். இலை நிறைய இருந்தும் விழுந்த பேத்தி ஒருத்தி இருந்தாள். ஆக, வலிப்புக்கு ரிசப்டர் மட்டும் காரணமில்லை, கூட வேறு ஏதோ இருக்கிறது. இரண்டு குலத்தையும் தனித்தனியாக வைத்திருந்தால் இது எந்தக் காலத்திலும் தெரிந்திருக்காது. படித்த நாளிலிருந்து அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அடைந்ததில்லை.

அந்தச் சந்தோஷத்தில்தான் புத்தி கெட்டது. இதை நாமே திட்டமிட்டுச் செய்த கலப்பு என்று குழுவிடம் சொல்லிவிட்டால் என்ன? பேராசிரியரிடம் சொன்னேன். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே, பதிவேடு இருந்தால் கொண்டுவந்து காட்டு, இல்லாவிட்டால் நீ என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை என்றார்.

மூன்று நாள் பகல் முழுக்க மானகிரி அக்கா சொல்லச் சொல்ல எழுதினேன். சொல்வதற்கு அவர் ஒரு நிபந்தனை போட்டார். இனிமேல் அண்ணன் தங்கச்சியைச் சேர்க்கக் கூடாது. சத்தியம் செய்துகொடுத்தேன். இரண்டு வருடப் பதிவேடு இரண்டு வருடப் பழசாகத் தெரிய வேண்டும் அல்லவா? ஒரு பக்கத்துக்கு இங்க், ஒரு பக்கத்துக்குப் பால்பாயிண்ட், ஒரு பக்கத்துக்குத் தண்ணீர் கலந்த இங்க். ஓரங்களைக் கசக்கினேன். டீயைத் தொட்டுத் தொட்டு மஞ்சளாக்கினேன். கடைசிக்கு முந்தின பக்கத்தில் ஓர் எலியை நடக்கவிட்டேன். அது ஆராய்ச்சிக்கு ஒத்துழைத்து, செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுப் போனது.

குழு வந்தது. இரண்டு பேர் பேச்சுக்காரர்கள். மூன்றாமவர் மரபியல்காரர், காதில் கருவி மாட்டிய ஒல்லியான பெரியவர். அண்டாவில் மணி அடித்தபோது அவர் மட்டும் காதுக் கருவியை அணைத்துவிட்டு, எலியின் கால்களைக் குனிந்து பார்த்தார். என் கதையைச் சொன்னேன். எங்கே தடுமாறக் கூடாதோ அங்கே தடுமாறாமல் சொன்னேன். பேச்சுக்காரர்கள் இருவரும் தலையாட்டினார்கள். பெரியவர் பதிவேட்டைப் புரட்டினார். பிறகு அதை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார்.

டீயில் இஞ்சி போடுவீர்களா என்று கேட்டார். கூண்டிலிருந்து ஒரு காப்பித்தூள் நிறக் குட்டியை எடுத்து உள்ளங்கையில் வைத்து, இதன் அம்மா யார் என்றார். எனக்குத் தெரியவில்லை. பக்கத்தைப் பார்த்துச் சொல்கிறேன் என்று பதிவேட்டுக்குக் கை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை.

வாசலில் வாளியோடு நின்ற மானகிரி அக்காவுக்குப் பொறுக்கவில்லை. என்னைக் காப்பாற்றுவதாக நினைத்தார்.

“அது சாம்ப வீட்டுப் பேத்தி மகங்க. ஆத்தா அந்தா மூணாவது கூண்டுல இருக்கா. அவளும் இவுக அப்பனும் அத்தை மக்க, மாமன் மக்க.”

பெரியவர் இன்னொன்றை எடுத்தார். அக்கா சொன்னார். இன்னொன்று. சொன்னார். ஏழெட்டு எலிக்குப் பிறகு பெரியவர் பதிவேட்டில் சரிபார்ப்பதைக்கூட விட்டுவிட்டு, சின்னப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு கூண்டாக நீட்டினார். அவர் அந்த அக்காவிடம் தனியாகப் பேசியது அரைமணி நேரம். வெளியே நின்ற எனக்கு அந்த அரைமணி நேரத்தை இப்போது நினைத்தாலும் முகம் சுடுகிறது. பொய் சொன்னதற்கு அல்ல. அக்காவின் மூளையில் இருந்ததை எடுத்து என் பேரில் எழுதிக்கொண்டேனே, அதற்காக.

முடிவு சாயங்காலமே தெரிந்தது. ஆராய்ச்சி தொடரலாம், மிக நல்ல ஆராய்ச்சி. எலிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணியை எக்காரணம் கொண்டும் மாற்றக் கூடாது. பதிவேட்டின் முதல் பக்கத்தில், இது யார் சொல்லி யார் எழுதியது, எத்தனை நாளில் எழுதியது என்று உள்ளபடி எழுதி, அந்த அக்காவின் கைநாட்டையும் வாங்க வேண்டும். என் வேலையை ஆறு மாதத்துக்கு நிறுத்தி வைத்தார்கள். அதன்பிறகு நான் ஒழுங்காகப் பதிவேடு எழுதுவேன் என்று பேராசிரியர் உறுதி கொடுத்தால் மறுபடி சேர்த்துக்கொள்ளலாம். போகும்போது பெரியவர் என்னிடம், நீ கண்டுபிடித்தது உண்மைதானே, பிறகு எதற்கு அதற்கு டீ ஊற்றினாய் என்று கேட்டார்.

ஆறு மாதம் என்றால் நடுவில் ஆவணி வந்துவிடும். எலி இல்லை அல்லவா என்றார் அப்பா. இல்லை என்றேன். ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். கல்யாணமாகி அமராவதிபுதூர் போய்விட்டால் திரும்பக் கொட்டகைக்கு யார் விடுவார்கள்? அம்மா இலை எண்ண ஆரம்பித்தாள். நான் கிணற்றடியில் துணி துவைக்கிற சாக்கில் நாலு நாள் அழுதேன்.

பரிசம் போடும் நாளன்று மத்தியானம் எங்கள் வீட்டு முற்றத்தில் இரண்டு பக்கத்து ஆட்களும் உட்கார்ந்திருந்தார்கள். வெற்றிலைத் தட்டு நடுவில் இருந்தது. அந்த நேரத்தில் மானகிரி அக்கா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். நான்தான் அழைத்திருந்தேன். என்ன இருந்தாலும் இரண்டு வருடம் ஒன்றாக வேலை பார்த்தவர். என் முகத்தை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்து, எல்லோரும் கேட்பதையே கேட்க ஆரம்பித்தார். மாப்பிள்ளைக்கு அப்பா பக்கம் எந்த ஊர்? தாத்தா பிறந்தது எங்கே? பெண்ணுக்கு அம்மாச்சி பிறந்த ஊர் எது? அப்படியா, அதுவும் மானகிரியா? குளத்தங்கரை வீடா, இங்குட்டு வடக்கு வீடா?

தட்டு மாற்றக் கை நீளும் நேரத்தில் அவர் சாவகாசமாகக் கேட்டார்.

“மாப்பிள்ளைக்குத் தாத்தாவும் பொண்ணுக்கு அம்மாச்சியும் ஒரே பங்காளி வீட்டுப் பிள்ளைகளாவுல்ல இருக்காக. அவுக அண்ணன் தங்கச்சின்னா, மாப்பிள்ளைக்கு அப்பாவும் பொண்ணுக்கு அம்மாவும் கட்டிக்கிற முறை. கட்டிக்கிற முறையில உள்ளவுக பெத்த பிள்ளைக என்ன முறை ஆகும்?”

என்ன முறை ஆகும் என்று அங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. முற்றம் கொதித்தது. ஒரு வழியில் பார்த்தால் அவர் எனக்கு மாப்பிள்ளை, இன்னொரு வழியில் பார்த்தால் அண்ணன். இவ்வளவு தூரத்து முறையெல்லாம் பார்த்தால் இந்த வட்டாரத்தில் ஒருவருக்கும் கல்யாணம் நடக்காது என்று ஒரு பெரியவர் எரிந்து விழுந்தார். பத்து வருடம் ஆச்சி வீட்டில் இருந்தவள், அவளுக்குத் தெரியாதா என்றது பெண்கள் பக்கம். அந்த அக்கா, தெரிந்ததைச் சொன்னேன், அப்புறம் ஒங்க பிரியம் என்று வாழைப்பழத்தை உரித்துக்கொண்டிருந்தார். அவர் சொன்னது நிஜமா, அல்லது வாசலில் வாளியோடு நின்று வாய்விட்டதற்குச் செய்த பரிகாரமா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. கடைசியில் அப்பா எழுந்து, மானகிரிக்கு ஆள் அனுப்பி வடக்கு வீட்டில் கேட்டுவிடலாம், அதுவரை தட்டு அப்படியே இருக்கட்டும் என்றார். ஆள் போய் அப்படியெல்லாம் இல்லை என்று வந்து சொன்னால் என் கதை முடிந்தது. சைக்கிளை எடுக்க ஒருவர் எழுந்துவிட்டார்.

இவ்வளவு நேரமும் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை அப்போது தொண்டையைக் கனைத்தார். அவருக்கும் வேறு ஏதோ ஒரு நினைப்பு இருந்திருக்க வேண்டும். இந்தக் கல்யாணத்துக்கு என்னைப் போலவே அவரையும் யாரும் கேட்டிருக்கவில்லை என்பது எனக்கு அந்த நிமிஷம் வரை தோன்றியதே இல்லை. அவர் என்னை நேராகப் பார்த்தார்.

“தங்கச்சி, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கொண்டா தாயி” என்றார்.

சைக்கிளை எடுக்கப் போனவர் நின்றுவிட்டார். சபை நடுவில் ஓர் ஆண் ஒரு பெண்ணைத் தங்கச்சி என்று கூப்பிட்டால் கூப்பிட்டதுதான். அதற்குமேல் எந்த வடக்கு வீட்டிலும் கேட்க ஒன்றுமில்லை. ஆனால் பதில் வராதவரை அது பாதிதான். என் அம்மா என்னைப் பார்த்துக் கண்ணால் வேண்டாம் வேண்டாம் என்றாள். நான் உள்ளே ஓடினேன். பானையில் மொண்ட தண்ணீர் பாதி வழியில் சிந்தியது. செம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முற்றத்துக்கு வந்து, எல்லோர் காதிலும் விழும்படி “இந்தாங்கண்ணே” என்று நீட்டினேன்.